பொன்மலைப் பிள்ளைகளுக்குப் புத்தகம்

பொன்மலை
16-6-1958

மதிப்பிற்குரிய மட்டுவார்குழலி அக்காவுக்கு,

ஜீயபுரம் அமிர்தம் எழுதுவது. ஜீயபுரம் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன். போன தை மாதத்திலிருந்து எனக்குப் பொன்மலைதான் ஊர். உங்கள் அத்தானுக்கு இரண்டாந்தாரமாக வந்திருக்கிறேன். நாம் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. உங்கள் அக்காவின் கல்யாணப் போட்டோவில் ஓரமாக இரட்டைச் சடையோடு முறைத்துக்கொண்டு நிற்பது நீங்கள்தான் என்று தாயுமானவன் காட்டினான்.

இங்கே எல்லோரும் சுகம். அகிலாண்டத்தின் மூக்கு மட்டும் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

வந்த புதிதில் என்னைச் சித்தி என்று கூப்பிடும்படி பிள்ளைகளிடம் பெரியவர்கள் சொன்னார்கள். செவ்வந்தி, "எங்களுக்குச் சித்தி ஏற்கெனவே இருக்காங்க. லைப்ரரியில வேலை பாக்குறாங்க" என்று சொல்லிவிட்டாள். அப்படித்தான் நீங்கள் இருப்பதே எனக்குத் தெரிந்தது. எனக்குக் கோபமில்லை. அந்தப் பெயர் உங்களுடையதுதானே. ஆனால் அவள் என்னை எதுவுமே சொல்லிக் கூப்பிடுவதில்லை. "இந்தாங்க", "சோறு போடுறீங்களா" என்பதோடு சரி.

அவள் எப்போதும் எதையாவது படித்துக்கொண்டே இருக்கிறாள் அக்கா. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கடலை வாங்கி வந்தால், கடலையைத் தம்பி தங்கைக்குக் கொடுத்துவிட்டுப் பொட்டலத் தாளை நீவி வைத்துப் படிக்கிறாள். அதைப் பார்க்கச் சங்கடமாக இருக்கிறது. நான் எட்டாவது வரை படித்தவள். எந்த வயதுப் பிள்ளைக்கு என்ன புத்தகம் என்று எனக்குத் தெரியாது. அகிலத்துக்கு நான்கு வயது, தாளைக் கண்டால் தின்கிறாள். தாயுவுக்கு எட்டு, உட்காரவே மாட்டான். செவ்வந்திக்குப் பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடக்கிறது. மூவருக்கும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் அத்தானிடம் விலாசம் கேட்டேன். "எழுதிப் பாரு. பதில் வந்தா எனக்கும் சொல்லு" என்றார்.

இப்படிக்கு
அமிர்தம்


கிளை நூலகம், ஸ்ரீரங்கம்
25-6-1958

திருமதி அமிர்தம் சண்முகசுந்தரம் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு புத்தகங்கள் அனுப்பியிருக்கிறேன். எங்கள் தெருவிலிருந்து பிச்சமுத்து என்பவர் தினமும் ரயிலில் பொன்மலை வொர்க்‌ஷாப்புக்கு வருகிறார். அத்தானிடம் பையைச் சேர்த்துவிடுவார். திருப்பித் தரும் தேதி உள்ளே இருக்கிறது.

நான்கு வயதுக் குழந்தைக்குக் கதையில் ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வர வேண்டும். அடுத்தது என்ன என்று அதற்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதில்தான் அதற்குச் சந்தோஷம். படிக்கிறவர் குரலை மாற்றிப் படிக்க வேண்டும். பூனை பேசினால் பூனை போல. வெட்கப்பட்டால் காரியம் நடக்காது. கெட்டி அட்டைப் புத்தகமாகப் பார்த்து வைத்திருக்கிறேன். தின்பதற்குச் சிரமமாக இருக்கும்.

எட்டு வயதுப் பையன்களுக்கு நீதிக்கதைகள் வாங்கிக் கொடுக்கிறார்கள். வேண்டாம். நீதி அவர்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே வேண்டிய மட்டும் கிடைத்துவிடுகிறது. எது எப்படி ஓடுகிறது, எது எதைத் தின்கிறது என்று சொல்லும் புத்தகம் கொடுங்கள். ரயில் புத்தகம் ஒன்று வைத்திருக்கிறேன்.

செவ்வந்திக்கு எதுவும் அனுப்பவில்லை. அந்த வயதுதான் கஷ்டம். சிறுவர் புத்தகம் கொடுத்தால் முகத்தைச் சுளிப்பார்கள். பெரியவர் புத்தகம் கொடுத்தால் பாதியில் தனியாக நின்றுவிடுவார்கள். அவளுக்கு இப்போது என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. பார்த்து மூன்று வருஷமாகிறது.

அகிலாண்டம் நன்றாகப் பேசுகிறாளா? நான் பார்த்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

ப. மட்டுவார்குழலி
கிளை நூலகர்


பொன்மலை
20-7-1958

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் வந்ததைச் சொன்னதும் உங்கள் அத்தான், "வந்துருச்சா?" என்று கையைக்கூடக் கழுவாமல் கடிதத்தை வாங்கிப் படித்தார். ஓரத்தில் இருக்கும் கிரீஸ் கறை அவருடையது. புத்தகத்தில் பட விடவில்லை.

அகிலம் நன்றாகப் பேசுகிறாள். பேசாமல் இருப்பாளா என்று கேட்டிருக்க வேண்டும் நீங்கள். வீடு வீடாகப் போய்ப் பால் கேட்கும் பூனைக்குட்டிக் கதை அவளுக்கு உயிராகிவிட்டது. எனக்குத்தான் பூனைக் குரலில் படிக்க முதலில் வெட்கமாக இருந்தது. அந்த வாரம் எனக்கு ஜலதோஷம் வேறு. அதனால் பூனைக்கும் ஜலதோஷம் பிடித்தது. இப்போது எனக்குச் சரியாகிவிட்டது, ஆனால் பூனைக்குச் சரியாகக் கூடாதாம். மூக்கைப் பிடித்துக்கொண்டு படிக்கிறேன். மாவு ஆட்டும்போதும் வந்து "அடுத்த வீடு சொல்லுங்க" என்கிறாள். பக்கத்து வீட்டு ரஷீதா சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "அமிர்தம், பூனைக்குப் பால் கெடைச்சிருச்சா இல்லையா, சொல்லிட்டுப் போய்ப் படு" என்கிறாள். அட்டையின் ஒரு மூலையை அகிலம் ருசி பார்த்துவிட்டாள். மன்னிக்க வேண்டும்.

ரயில் புத்தகத்தில் தப்பு இருக்கிறதாம். "சிக்னல் கை எறங்கியிருந்தாத்தான் வண்டி போகலாம். இதுல தூக்கியிருக்கு, வண்டி பாட்டுக்குப் போவுது!" என்று தாயு குதித்தான். அப்பாவும் பிள்ளையும் காபி ஆறுகிற வரை அந்த சிக்னல் படத்தையே பார்த்துவிட்டுத் தப்புதான் என்று முடிவுக்கு வந்தார்கள். பென்சிலால் திருத்தப் போனான், நான் பிடுங்கிவைத்தேன். யாருக்கு எழுத வேண்டும் என்று கேட்கிறான்.

செவ்வந்தி பையில் கையை விட்டுப் பார்த்தாள். லைப்ரரி முத்திரையை விரலால் தடவினாள். பிறகு என்னிடம், "எனக்கு ஒண்ணும் வரலியா?" என்றாள். அவள் தானாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. "ஒனக்கு என்ன புடிக்கும்னு கேட்டிருக்காங்க" என்றேன். "அவங்களுக்குத் தெரியாதா?" என்றாள்.

அக்கா, நான் வந்ததால்தான் நீங்கள் இங்கே வருவதில்லையா? அப்படியென்றால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அமிர்தம்


ஸ்ரீரங்கம்
2-8-1958

அன்புள்ள அமிர்தம்,

உன்னால் இல்லை. 'நீ' என்று எழுதுகிறேன். என்னைவிட நாலைந்து வயது சின்னவளாகத்தான் இருப்பாய்.

அத்தான் சொல்லியிருக்க மாட்டார், நான் சொல்கிறேன். அக்கா போன பிறகு லால்குடியில் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கூடி, பிள்ளைகளுக்காக நான் அத்தானைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. அத்தானையும் கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். எனக்கு அப்போதுதான் இந்த வேலை கிடைத்திருந்தது. அத்தான் தங்கமான மனிதர். ஆனாலும் அக்கா புழங்கிய பாத்திரங்களுக்கு நடுவில் அக்காவாக நிற்க என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். "அப்ப அந்த வீட்டுப் பக்கம் ஒனக்கு என்ன வேலை?" என்றார் அப்பா.

அதுகூடப் பரவாயில்லை. கிளம்பும்போது செவ்வந்தி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "இருங்க சித்தி" என்றாள். விரல்களைப் பிரித்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு வருவது?

சரி, புத்தகத்துக்கு வருவோம். தாயுவிடம் சொல்: நூலகப் புத்தகத்தில் எழுத யாருக்கும் அனுமதி இல்லை. தனித்தாளில் தப்பை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் முத்திரை வைத்து அந்தப் பக்கத்தில் ஒட்டிவிடுகிறேன். இனி படிக்கிறவர்கள் பிழைத்துக்கொள்வார்கள்.

செவ்வந்திக்கு ஒரு புத்தகம் இந்தத் தடவை வைத்திருக்கிறேன். ஆற்றங்கரையில் ஓடக்காரர் வீட்டுப் பெண் ஒருத்தியின் கதை. ஒன்று சொல்லிவிடுகிறேன், அதில் நடுவில் அம்மா இறந்துபோகிறாள். அப்படிப்பட்ட கதைகளை இந்தப் பிள்ளைகளிடமிருந்து ஒளித்துவைப்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தனக்கு நடந்தது இன்னொருத்திக்கும் நடந்திருக்கிறது என்று தெரிவது ஒரு துணை. அவளிடம் நேராக நீட்டாதே. எங்காவது வைத்துவிடு. படித்தாயா என்று கேட்காதே. ஆனால் முதலில் நீ படித்துப் பார். வேண்டாம் என்று தோன்றினால் திருப்பி அனுப்பிவிடு. வீட்டில் இருக்கிறவள் நீதான்.

குழலி


பொன்மலை
21-9-1958

அன்புள்ள அக்காவுக்கு,

தாயுவின் தாளில் முத்திரை வைத்து ஒட்டியதைப் பிச்சமுத்து அண்ணன் வந்து சொன்னதிலிருந்து அவனைப் பிடிக்க முடியவில்லை. இப்போது எந்தப் புத்தகம் வந்தாலும் தப்பு தேடியே முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிறான். உட்கார மாட்டான் என்று நான் எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். ஓடக்காரப் பெண் கதையை முதலில் நான் படிக்க எடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிற மாதிரி மெதுவாகத்தான் வரும் எனக்கு. பிறகு வேகம் வந்துவிட்டது. நேற்று மத்தியானம் அடுப்பில் ரசத்தை வைத்துவிட்டு அந்த அம்மா சாகிற இடத்துக்கு வந்தேன். ரசம் பொங்கி அடுப்பு அணைந்தது. எனக்கு அழுகை நிற்கவில்லை. பள்ளிக்கூடம் அரை நாள் என்பது மறந்தே போய்விட்டது. நிமிர்ந்தால் செவ்வந்தி நிற்கிறாள்.

"எந்த எடத்துல அழுவுறீங்க?" என்றாள்.

பக்கத்தைக் காட்டினேன்.

"நான் அதுக்கு அடுத்த பக்கத்துல அழுதேன். அந்தப் பொண்ணு அம்மாவோட சீப்பை எடுத்துத் தலை வாரிக்கும்ல, அங்க" என்றாள். நான் மறைத்து வைத்திருந்த இடத்திலிருந்தே எடுத்து எனக்கு முன்னால் முழுவதும் படித்து முடித்திருக்கிறாள்!

பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் அம்மா எப்படித் தலை வாருவார், சடை இழுத்தால் என்ன பாட்டுப் பாடி ஏமாற்றுவார் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். உங்கள் அக்காவைப் பற்றி இந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை, நான் வருத்தப்படுவேன் என்று. நேற்றுத்தான் அவர் யார் என்று எனக்குத் தெரிந்தது.

இன்று காலையில் ரஷீதா ஏதோ கேட்க வந்தாள். வாசலில் செவ்வந்தி, "சின்னம்மா குளிக்கிறாங்க, அப்புறம் வாங்க" என்றாள். உள்ளே தலையில் ஊற்றிய தண்ணீரோடு அப்படியே நின்றேன்.

எட்டாவது படித்த இருபத்தைந்து வயதுக்கு ஏதாவது புத்தகம் இருந்தால் அனுப்புங்கள். யாரும் சாகாததாக இருந்தால் நல்லது. ரசம் வீணாகிறது.

அமிர்தம்


ஸ்ரீரங்கம்
15-2-1959

அன்புள்ள அமிர்தம்,

நேற்று மத்தியானம் பிச்சமுத்துவோடு செவ்வந்தி வந்து சேர்ந்தாள். என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாளே! யாரோ காலேஜ் பெண் என்று நினைத்து, "என்ன புத்தகம் வேணும்?" என்று கேட்டுவிட்டேன். "என்னைத் தெரியலியா சித்தி?" என்றாள். நீ கட்டிக்கொடுத்த தயிர்ச்சோற்றைப் பாதி எனக்குத் தந்தாள். ஊறுகாய் அருமை.

சாயங்காலம் வரை அலமாரி அலமாரியாகப் பார்த்தாள். கிளம்புகிற நேரத்தில்தான் கேட்டாள்: "எட்டாவது முடிஞ்சதும் நான் இங்கயே வந்து ஒங்ககூட இருந்துக்கவா சித்தி? இங்கயே ஹைஸ்கூல்ல சேந்துக்கிறேன். புத்தகமெல்லாம் இங்கதானே இருக்கு."

அமிர்தம், பொய் சொல்ல மாட்டேன். சரி என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. இந்த இரண்டு அறை வீட்டுக்கு வந்து கதவைத் திறக்கும்போது உள்ளே ஒரு ஆள் இருந்தால் எப்படி இருக்கும் என்று இரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு தடவை கேட்டபோது முடியாது என்றவள் நான். இரண்டாம் தடவையும் எப்படிச் சொல்வது?

ஆனால் உன்னிடம் கேட்காமல் எதுவும் செய்வதில்லை. "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லி ரயில் ஏற்றினேன். நீ வேண்டாம் என்றால் வேண்டாம். உனக்கு என்ன தோன்றுகிறதோ அதை எழுது.

குழலி


பொன்மலை
1-3-1959

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். முதல் தரம் படித்தபோது பொல்லாத கோபம் வந்தது. புத்தகம் கேட்டால் பிள்ளையைக் கேட்கிறீர்களே என்று. இப்போதுதானே அக்கா அவள் எனக்குக் கிடைத்தாள். இரண்டாம் தரம் படித்தபோது நீங்கள் கேட்கவில்லை, அவள்தான் கேட்டிருக்கிறாள் என்று புரிந்தது. அதற்குப் பிறகு கோபம் போய் வேறு என்னவோ வந்தது. அதை எழுதத் தெரியவில்லை.

உங்கள் அத்தானிடம் சொன்னேன். "அவ மனசு எங்க இருக்கோ அங்க இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, முந்தின நாள்தான் எண்ணெய் போட்ட சைக்கிளுக்கு மறுபடியும் எண்ணெய் போடப் போய்விட்டார்.

முழுப் பரீட்சை முடிந்து லீவு விட்டதும் அனுப்புகிறேன். லீவு முழுவதும் உங்களோடு இருக்கட்டும். ஜூன் மாதத்தில் அவளே சொல்லட்டும். நாம் இருவரும் அவளிடம் எதுவும் கேட்க வேண்டாம். படித்தாயா என்று கேட்காதே என்று எனக்குச் சொன்னீர்களே, அதே மாதிரி.

கத்தரிக்காய் போட்டால் தட்டு ஓரத்தில் ஒதுக்குவாள், திட்டாதீர்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிடுங்கள். முடி நீளம், தானாகச் சிக்கெடுக்க வராது. படித்துக்கொண்டே தூங்கிப்போவாள், புத்தகத்தை மெதுவாக உருவ வேண்டும்.

அகிலத்திடம் இன்னும் சொல்லவில்லை.

கோபம் தீர்ந்த
அமிர்தம்


ஸ்ரீரங்கம்
20-5-1959

அன்புள்ள அமிர்தம்,

செவ்வந்தி சுகம். கறுத்துப் போயிருக்கிறாள். தினமும் கொள்ளிடக் கரைக்கு நடந்து போய் வருகிறோம்.

லைப்ரரியில் அவள்தான் இப்போது பாதி நூலகர். போன வாரம் ஒரு அம்மாள் வந்து, "என் பையனுக்கு ஒம்பது வயசு, என்ன புஸ்தகம் குடுக்கலாம்?" என்று கேட்டார். நான் வழக்கமான அலமாரிப் பக்கம் திரும்புவதற்குள் இவள், "அவன் எப்படிங்க? சண்டை போடுவானா, பல்லி புடிப்பானா, தனியா ஒக்காந்து பேசிக்குவானா?" என்றாள். அந்த அம்மாள் திகைத்துப்போய், "பல்லிதான்" என்றார். பூச்சிகள் பற்றிய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தாள். மறுநாளே அந்தப் பையன் இன்னொரு புத்தகம் கேட்டு வந்துவிட்டான். இத்தனை வருஷமாக நான் வயதைக் கேட்டுத்தான் புத்தகம் கொடுத்தேன். இனிமேல் பல்லியையும் கேட்பேன்.

இதைச் சொல்ல மட்டும் எழுதவில்லை. அகிலத்துக்கென்று புது வாத்துக் கதை ஒன்று எடுத்து வைத்தாள். முந்தாநாள் அதை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். நானும் வாத்துக் குரலெல்லாம் போட்டுத்தான் படித்தேன். இந்த ஊரில் என் வாத்துக்கு நல்ல பெயர் உண்டு. அவள் மரியாதையாக, "நல்லாதான் இருக்கு சித்தி. சின்னம்மா படிக்கிறப்ப வேற மாதிரி இருக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப அகிலத்துக்கு யாரு தலை வாரிவிடுறாங்களோ. சின்னம்மாவுக்கு அடுப்பு வேலையே சரியா இருக்கும்" என்றாள். அப்புறம், "நான் பொன்மலைக்கே போயிடுறேன் சித்தி. கோவிச்சுக்க மாட்டீங்கல்ல?" என்றாள்.

கோபமே இல்லை என்றேன். சொல்லிவிட்டு, புத்தகம் அடுக்குவது போல பீரோவுக்குப் பின்னால் போய்க் கொஞ்சம் அழுதேன். திரும்பி வந்தால் அவள் எனக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறாள். "ஆனா பிச்சமுத்து மாமாகூடப் போக மாட்டேன். நீங்கதான் கொண்டுவந்து விடணும். நீங்க வரலன்னா நான் போகவும் மாட்டேன், இங்க இருக்கவும் மாட்டேன்" என்றாள். பிறகு எங்கே இருப்பாயாம் என்றேன். "ரயில்லயே இருப்பேன்" என்றாள். முகத்தில் சிரிப்பே இல்லை.

நான் வரலாமா, அமிர்தம்?

குழலி


பொன்மலை
25-5-1959

அன்புள்ள அக்காவுக்கு,

கார்டில் இடமில்லை, சுருக்கமாக எழுதுகிறேன். வரலாமா என்று கேட்டு எழுதுகிறவர்களை என்ன சொல்வது? வருகிற ஞாயிறு காலை வண்டிக்கு வாங்க. வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க வேண்டும், விருந்தாளி மாதிரி நாற்காலி கிடையாது. வாத்துப் புத்தகத்தை மறக்காதீர்கள். உங்கள் அத்தான் காலையிலிருந்து வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருக்கிறார். ஏன் என்று கேட்டால் மழைக்காலம் வருகிறதாம்.

அமிர்தம்


ஸ்ரீரங்கம்
2-6-1959

அன்புள்ள அமிர்தம்,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீ கொடுத்த வாழைப்பழச் சீப்புகளைத் தெருவில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டேன். பிச்சமுத்து வீட்டுக்கு மட்டும் இரண்டு. பையைச் சுமந்தவர் அவர்தானே.

அத்தான் என்னைப் பார்த்ததும், "வா குழலி, வெயில் ஏறிருச்சா?" என்று நேற்றுத்தான் போய்விட்டு வந்தவளிடம் கேட்பது போலக் கேட்டாரே, அது போதும் எனக்கு. அவரிடம் சொல்லத் தெரியவில்லை, நீ சொல்லிவிடு. லால்குடிக்கு அப்பாவுக்கும் ஒரு கடிதம் எழுதிப் போட்டேன், பொன்மலைக்குப் போய் வந்தேன் என்று.

நீ அடுப்படியில் இருந்ததால் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் அன்று பேசியதெல்லாம் போதாமல் இன்றைக்கே எழுத உட்கார்ந்தேன்.

செவ்வந்தி பையை எறிந்துவிட்டு உன்னைத் தேடி அடுப்படிக்கு ஓடிவிட்டாள். அத்தான் தாயுவைக் கூப்பிடப் போனார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். புது வெள்ளை, கதவு மட்டும் அதே கதவு. அக்கா இந்தக் கதவைத் திறந்துகொண்டு வருவாள். கால் உள்ளே எடுத்துவைக்க வரவில்லை. இப்படியே திரும்பி ஸ்டேஷனுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அகிலம் வந்தாள். என்னை மேலிருந்து கீழே பார்த்தாள். கையிலிருந்த பையைப் பார்த்தாள். ஒரு வருஷமாக அந்த வீட்டில், 'ஸ்ரீரங்கத்துலேருந்து வந்திருக்கு', 'ஸ்ரீரங்கத்துக்குத் திருப்பிக் குடுக்கணும்', 'ஸ்ரீரங்கம் என்ன அனுப்பியிருக்கு பாரு' என்றே நீங்கள் எல்லோரும் பேசியிருக்கிறீர்கள் போலிருக்கிறது.

"நீங்கதான் ஸ்ரீரங்கமா?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

"ஏன் இவ்ளோ நேரம்?" என்று கேட்டுவிட்டு, என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள்.

குழலி